காரணி தேடி அலைய வேண்டாம், மிச்சத்தைப் பாருங்கள்



இந்த வாரம் பழைய புதுச்சேரிக் கதை இல்லை. ஒரு கணக்கைப் பற்றி எழுதப்போகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தை மூடிவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத கணக்குதான். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் பத்து நாளாகத் தணியவில்லை. எழுதித் தீர்த்தால்தான் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கு ஒரே மகள். பி.ஏ. முடித்துவிட்டு எல்.டி.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். நான் 1974-ல் அரசுப் பணியில் சேர்ந்ததும் அதே எல்.டி.சி. வேலையில்தான் என்பதால், அவளுக்கு என் மேல் ஒரு நம்பிக்கை. மாலையில் புத்தகத்தோடு வந்து திண்ணையில் உட்காருவாள். தமிழும் பொது அறிவும் தண்ணீர் பட்ட பாடு. கணக்கு என்றால் மட்டும் முகம் வாடிவிடும். “எனக்குக் கணக்கு வராது தாத்தா” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எங்கோ யாரோ சொல்லி, சொல்லி, அவளே நம்பிவிட்ட பேச்சு அது.

பத்து நாள் முன்பு அவள் ஒரு மாதிரித் தேர்வின் தாளைக் கொண்டுவந்தாள். பயிற்சி நிலையம் ஒன்றில் எழுதியது. அதில் ஒரு கேள்வி: 336 செ.மீ. நீளமும் 240 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தரையில், ஒரே அளவுள்ள சதுர ஓடுகளை வெட்டாமல் பதிக்க வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை ஓடுகள் தேவை?

அவள் எழுதிய விடை 1680. சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

“எப்படிம்மா 1680 வந்தது?” என்று கேட்டேன்.

“குறைந்தபட்சம்னு கேட்டிருக்காங்க தாத்தா. குறைந்தபட்சம்னு வந்தா எல்.சி.எம். எடுக்கணும், அதிகபட்சம்னு வந்தா எச்.சி.எஃப். எடுக்கணும்னு எங்க சார் எழுதிப் போட்டாரு” என்றாள். நோட்டைத் திறந்து காட்டினாள். கட்டம் கட்டி, நட்சத்திரம் போட்டு, அடியில் இரண்டு கோடு வேறு இழுத்து வைத்திருந்தாள். அவள் வரையில் தவறே செய்யவில்லை. சொன்னதைச் செய்தாள்.

பாருங்கள் நண்பர்களே, ஓடுகள் குறைவாக இருக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஓடும் பெரியதாக இருக்க வேண்டும். 336-ஐயும் 240-ஐயும் மிச்சமில்லாமல் அளக்கும் மிகப் பெரிய ஓடு எது என்பதுதான் கேள்வி. ஆக, ‘குறைந்தபட்சம்’ என்று கேட்டாலும் தேவைப்படுவது எச்.சி.எஃப்.தான். பாடப் புத்தகத்தில் மீப்பெரு பொதுக் காரணி என்கிறார்களே, அது. கேள்வியில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடச் சொல்லித்தந்தால் பிள்ளை குழியில்தான் விழும்.

இதைவிட வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. அவள் போட்ட கணக்கிலேயே சரியான விடை உட்கார்ந்திருந்தது. ஏணிப்படி போல ஒரு வகுத்தல் போடுவார்களே, அதைத்தான் போட்டிருந்தாள். இடது பக்கம் 2, 2, 2, 2, 3 என்று வகுத்துக்கொண்டே இறங்கி, கடைசிப் படியில் 7, 5 என்று நிறுத்தியிருந்தாள். இடது பக்கத்து எண்களைப் பெருக்கினால் 48. ஓட்டின் பக்கம் 48 செ.மீ. கீழே நிற்கும் 7 என்பது நீளவாட்டில் எத்தனை ஓடு, 5 என்பது அகலவாட்டில் எத்தனை ஓடு என்பதுதான். ஏழைந்து முப்பத்தைந்து. விடை 35!

அந்த 7-ஐயும் 5-ஐயும் தன் கையாலேயே எழுதிவிட்டு, அவை என்ன என்று தெரியாமல், எல்லாவற்றையும் சேர்த்துப் பெருக்கி 1680 என்று எழுதிவிட்டாள். “கடைசி வரிசையையும் சேர்த்துப் பெருக்கணுமா, இடது பக்கம் மட்டுமா என்பதே எனக்கு எப்பவும் குழப்பம் தாத்தா” என்றாள். பதினாறு வருடப் படிப்பில் அந்த ஏணி எதற்கு என்று ஒருவர்கூட அவளுக்குச் சொல்லவில்லை. எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

இது அவளுடைய குறை என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் கட்சி என்னவென்று நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிக்க, அந்த எண்களின் காரணிகளே தெரிய வேண்டியதில்லை. ஒன்றைக்கூடத் தேட வேண்டியதில்லை. ஒன்றால் மற்றொன்றை வகுத்து, மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே போனால் விடை தானாக வந்து நிற்கும். இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக உலகம் அறிந்த வழி இது. இந்தச் சுலபமான வழியைப் பின்னால் தள்ளிவிட்டு, கஷ்டமான வழியைப் பிள்ளைகளுக்கு முதலில் திணிப்பதோடு, ஏன் எதற்கு என்பதையும் சொல்லாமல் விடுகிறோம். பிறகு பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்கிறோம்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1962 ஆகஸ்ட் 16-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகும் என் பள்ளிப் படிப்பு பிரெஞ்சிலேயே நடந்தது. எச்.சி.எஃப். என்ற பெயரை நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் கேள்விப்பட்டேன். எங்களுக்கு அது ‘பே-ழே-சே-தே’. ப்ளு கிரான் கொமன் திவிசேர் என்பதன் சுருக்கம். மிகப் பெரிய பொது வகுத்தி என்று அர்த்தம்.

எங்கள் கணக்கு முசியே கரும்பலகையில் மூன்று வரிசைக் கட்டம் போடுவார். நடு வரிசையில் எண்கள், மேலே ஈவு, கீழே மிச்சம். பெரியதைச் சின்னதால் வகு. மிச்சம் என்ன? அந்த மிச்சத்தால் சின்னதை வகு. மறுபடி மிச்சம் என்ன? அதால் முந்தைய மிச்சத்தை வகு. மிச்சம் பூஜ்யம் ஆகும் வரை போ. பூஜ்யத்துக்கு முந்தி வந்த மிச்சம்தான் விடை. “லெ ரெஸ்த்! லெ ரெஸ்த்!” என்று பிரம்பால் பலகையைத் தட்டுவார். மிச்சம், மிச்சம் என்று அர்த்தம். ஈவைப் பற்றி அவர் கவலைப்பட்டே நான் பார்த்ததில்லை.

இதைப் படித்துவிட்டு “ஆஹா, பிரெஞ்சுக்காரன் படிப்பு போல வருமா” என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சிலர் கிளம்பிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த முசியேயும் ஏன் என்று சொல்லவில்லை. சரியாகப் போட்டவனுக்கு ‘பியேன்’, தப்பாகப் போட்டவனுக்கு முழங்காலில் நிற்கும் தண்டனை. நானும் கிளிப்பிள்ளை போலத்தான் கற்றேன். வழி நல்ல வழி, அவ்வளவுதான். அது ஏன் சரியாக வருகிறது என்பது எனக்குப் புரிந்தது முப்பது வயதுக்கு மேல், ஓர் அரசு அலுவலகத்தின் பைல் கட்டுகளுக்கு நடுவில்.

அப்போது ஒரு கட்டடத்துக்கு மொசைக் தரை போட மதிப்பீடு வந்திருந்தது. அறை 18 அடி 4 அங்குலம், 14 அடி 2 அங்குலம். வெட்டாமல் பதிக்க எந்த அளவு கல் வாங்கலாம் என்று இளநிலைப் பொறியாளர் என் மேஜை அருகில் நின்று யோசித்துக்கொண்டிருந்தார். அங்குலத்தில் 220, 170. நான் பழைய கவரின் பின்பக்கத்தில் போட்டேன். 220-ஐ 170-ஆல் வகுத்தால் மிச்சம் 50. 170-ஐ 50-ஆல் வகுத்தால் மிச்சம் 20. 50-ஐ 20-ஆல் வகுத்தால் மிச்சம் 10. 20-ஐ 10-ஆல் வகுத்தால் மிச்சமில்லை. “10 அங்குலக் கல் சார். 22 பெருக்கல் 17, மொத்தம் 374 கல்” என்றேன்.

அவர் விடையைப் பார்க்கவில்லை, என் கையெழுத்தைப் பார்த்தார். “என்ன ஐயா, தலைகீழா வகுக்கறீங்க?” என்றார். பிரெஞ்சு வழியில் படித்தவர்கள் வகுக்கும் எண்ணை வலது பக்கம் போட்டு, ஈவை அதன் அடியில் எழுதுவோம். அவர் படித்த வழியில் வகுக்கும் எண் இடது பக்கம் இருக்கும். அலுவலகத்தில் ரொம்ப நாள் அது ஒரு வேடிக்கை. ஆனால் அன்று அவர் கேட்ட அடுத்த கேள்வி வேடிக்கை இல்லை. “அது சரி, மிச்சத்தை வைத்து வகுத்தால் ஏன் சரியா வருது?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அந்தப் பதிலைத்தான் பத்து நாள் முன்பு திண்ணையில் அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். சொன்னேன் என்பதைவிட, வெட்டிக் காட்டினேன் என்பதுதான் சரி. மாத காலண்டரில் பழைய தாள் ஒன்றைக் கிழித்து, 42 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் இருக்கும்படி வெட்டிக் கொடுத்தேன். கத்தரிக்கோலையும் கையில் கொடுத்தேன்.

“இதிலிருந்து எவ்வளவு பெரிய சதுரம் வெட்ட முடியும்?”

“முப்பதுக்கு முப்பது.”

“வெட்டு. என்ன மிச்சம்?”

“முப்பதுக்குப் பன்னிரண்டு தாத்தா.”

“அதில் பெரிய சதுரம்?”

“பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ரெண்டு வெட்டலாம்.” வெட்டினாள். மிச்சம் 12-க்கு 6. அதில் 6-க்கு 6 சதுரம் சரியாக இரண்டு வந்தது. துண்டு எதுவும் மிஞ்சவில்லை.

“கடைசிச் சதுரம் எவ்வளவு?”

“ஆறு.” கொஞ்சம் நிறுத்தி, “42-க்கும் 30-க்கும் எச்.சி.எஃப். ஆறுதானே?” என்றாள்.

ஆறு செ.மீ. சதுரத்தை எடுத்து முதலில் வெட்டிய பெரிய சதுரத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். ஒரு வரிசைக்கு ஐந்து. நடுச் சதுரத்தில் வைத்தாள். ஒரு வரிசைக்கு இரண்டு. எல்லாவற்றிலும் சரியாகப் பொருந்தியது. முழுத் தாளுக்கும் ஏழு வரிசை, ஐந்து வரிசை. அதற்கு மேல் நான் விளக்க வேண்டியதே இருக்கவில்லை.

ஆனாலும் வாயால் ஒரு முறை சொன்னேன். இரண்டு கயிறுகள் இருக்கின்றன. ஒரு கோல் இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கிறது என்று வை. பெரிய கயிற்றிலிருந்து சின்னக் கயிற்றின் நீளத்தை வெட்டி எடுத்துவிட்டால், மீதிக் கயிற்றையும் அந்தக் கோல் மிச்சமில்லாமல் அளக்கும். அளக்காமல் எங்கே போகும்? அதேபோல, மீதிக் கயிற்றையும் சின்னக் கயிற்றையும் அளக்கும் கோல் பழைய பெரிய கயிற்றையும் அளந்துவிடும். ஆகையால் பெரிய கயிற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, சின்னதையும் மீதியையும் வைத்துக்கொண்டால் போதும். கணக்கு சிறுத்துக்கொண்டே வரும், கோல் மட்டும் மாறாது. இவ்வளவுதான் ரகசியம். இதற்கு மேல் இதில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் அவளுக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன். 2021, 1763. இரண்டுக்கும் மீப்பெரு பொதுக் காரணி என்ன? முதலில் உங்கள் சார் சொன்ன வழியில் போடு என்றேன். 2 போகாது, 3 போகாது, 5, 7, 11, 13... 17 வரை பார்த்துவிட்டு, “பொதுக் காரணி இல்லை தாத்தா, 1-தான்” என்றாள். தேர்வு அறையில் யாராக இருந்தாலும் அதைத்தான் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவார்கள். நானும்தான்.

இப்போது மிச்சம் பார்த்துப் போடு என்றேன். 2021-ஐ 1763-ஆல் வகுத்தால் மிச்சம் 258. 1763-ஐ 258-ஆல் வகுத்தால் மிச்சம் 215. 258-ஐ 215-ஆல் வகுத்தால் மிச்சம் 43. 215-ஐ 43-ஆல் வகுத்தால் மிச்சம் இல்லை. விடை 43. நாலே வரி. ஒரு நிமிடம் ஆகவில்லை.

43-ஆல் இரண்டையும் வகுத்துப் பார்த்தாள். 47, 41. சரியாக வந்தது. “43-ன்னு நான் எப்பத் தாத்தா போய்ச் சேர்ந்திருப்பேன்?” என்று சிரித்தாள். 2-ல் தொடங்கிப் பகா எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் 43 என்பது பதினான்காவது எண். பதின்மூன்று முறை தோற்ற பிறகுதான் அந்தக் கதவு திறக்கும்.

இங்கேதான் என் முக்கியமான வாதம் இருக்கிறது. ஓர் எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது உண்மையிலேயே கடினமான வேலை. நம் பாட்டன் காலத்தில் மட்டும் அல்ல, இன்றைய கணிப்பொறிக்கும் அது கடினம். 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்று மூன்று பேர் சேர்ந்து ஒரு ரகசியப் பூட்டு முறையைக் கண்டுபிடித்தார்கள். இணையத்தில் இன்றும் அது காவல் காக்கிறது. அந்தப் பூட்டின் பலம் எங்கே இருக்கிறது தெரியுமா? 600 இலக்கத்துக்கு மேல் உள்ள ஓர் எண்ணை, இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கிச் செய்து வைத்துவிடுகிறார்கள். அதைத் திரும்பப் பிரிக்க நடைமுறையில் யாராலும் முடியவில்லை என்பதுதான் பலம். ஆனால் அதே அளவுள்ள இரண்டு எண்களைக் கொடுத்து மீப்பெரு பொதுக் காரணி கேளுங்கள். சாதாரணக் கணிப்பொறி கண் இமைக்கும் நேரத்தில் சொல்லிவிடும். எப்படி? மிச்சம் பார்த்துத்தான்.

ஆக, சுலபமான கேள்வி ஒன்று, கஷ்டமான கேள்வி ஒன்று. நம் வகுப்பறையில் என்ன செய்கிறோம்? சுலபமான கேள்விக்குப் பதில் காண, முதலில் கஷ்டமான கேள்விக்குப் பதில் கண்டுபிடி என்கிறோம். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரைக்குப் போக விழுப்புரம் வழியாகப் போகச் சொல்வது போல. புத்தகத்தில் 24, 36 என்று சின்ன எண்களாகவே கொடுப்பதால் இந்தச் சுற்று வழி யாருக்கும் உறைப்பதில்லை.

இந்த வழி யாருடைய சொந்தச் சரக்கும் இல்லை. யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் தன் நூலின் ஏழாம் பகுதியைத் தொடங்குவதே இதில்தான். நம் ஆரியபட்டர் 499-ல் எழுதிய ஆரியபட்டீயத்தில், குட்டகம் என்ற முறையில் இதே போல ஒன்றால் ஒன்றை மாற்றி மாற்றி வகுத்து மிச்சத்தைச் சிறிதாக்குகிறார். குட்டகம் என்றால் இடித்துப் பொடியாக்குவது என்று பொருள். எவ்வளவு பொருத்தமான பெயர்! 1844-ல் கப்ரியேல் லாமே என்ற பிரெஞ்சுக் கணித மேதை ஒரு கணக்குச் சொன்னார். சின்ன எண்ணில் எத்தனை இலக்கங்கள் உண்டோ, அதைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் வகுத்தல்கள் தேவைப்படாது என்று நிரூபித்தார். நான்கு இலக்க எண் என்றால் அதிகம் போனால் இருபது வகுத்தல். எங்களுக்கு நான்கே போதுமானதாக இருந்தது. இருளில் காரணி தேடி அலைபவனுக்கு இப்படி ஓர் உத்தரவாதத்தை யாராவது கொடுக்க முடியுமா?

கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு வரும் என் நண்பர் ஒருவர், தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். காந்தி சிலை அருகே உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் கொட்டினேன். அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

“என்னய்யா, குமாஸ்தா வேலை பார்த்துட்டு வாத்தியாருக்குப் பாடம் நடத்தறீரா? பகாக் காரணி தெரியாமல் பிள்ளை எண்ணை எப்படி அறிஞ்சுக்கும்?” என்றார்.

நியாயமான கேள்வி. பகாக் காரணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எண்ணின் எலும்புக்கூடு. அதைத் தனியாக, அதன் அழகுக்காகவே சொல்லிக்கொடுங்கள். சின்ன எண்களுக்குக் காரணிகளை எழுதி, பொதுவானவற்றை வட்டம் போட்டுக் காட்டுவதும் நல்லதுதான். பொதுக் காரணி என்றால் என்ன என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டு, அதுதான் வழி என்று சத்தியம் செய்யாதீர்கள் என்கிறேன்.

“தேர்வில் பெரிய எண் வராதே” என்றார். வராது என்று தெரிந்துதானே சொல்லித்தராமல் விடுகிறோம்? சொல்லித்தரவில்லை என்றுதானே கேட்காமல் விடுகிறார்கள்? வாழ்க்கை 24, 36 என்றா வருகிறது?

“மூணு எண் கொடுத்தா உம்ம வழி என்ன ஆகும்?” என்றார். முதல் இரண்டுக்குக் கண்டுபிடியும், வந்த விடையை மூன்றாவதோடு சேர்த்துப் போடும் என்றேன். 84, 60, 45 என்றால் முதல் இரண்டுக்கு 12. பிறகு 12-க்கும் 45-க்கும் 3. முடிந்தது. எல்.சி.எம். வேண்டுமா? அதற்கும் ஏணி வேண்டாம். இரண்டு எண்களில் ஒன்றை மீப்பெரு பொதுக் காரணியால் வகுத்து, மற்றதால் பெருக்கினால் போதும். 1763-ஐ 43-ஆல் வகுத்தால் 41. அதை 2021-ஆல் பெருக்கினால் 82,861. எது எச்.சி.எஃப்., எது எல்.சி.எம். என்ற குழப்பத்துக்கே இடம் இல்லை.

கடைசியாக அவர் ஒன்று சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “ஒரு வகுப்புல நாப்பது பிள்ளைங்க. சிலபஸ் முடிக்கணும். கத்தரிக்கோல் கொடுத்துத் தாள் வெட்ட எனக்கு எங்கே நேரம் இருந்தது?” என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. நானும் கொஞ்ச நேரம் பேசாமல் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரைப் போன்றவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நேரத்தை அவரிடமிருந்து பிடுங்கியவர்கள் மேல்தான் கோபம்.

பாடத்திட்டம் போடுகிறவர்கள் செய்ததைக் கேளுங்கள். என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் யூக்ளிடின் வகுத்தல் முறை இருந்தது. 2022-23-ல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி அதை எடுத்துவிட்டார்கள். நம் அரசுப் பள்ளிகளும் இப்போது சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அது இருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்பில்! ஆறாம் வகுப்பில் ஏணியில் ஏற்றிவிட்டு, நான்கு வருடம் கழித்து, தேற்றம், துணைத்தேற்றம் என்று அலங்காரம் செய்து கொண்டுவந்தால், பிள்ளை அதை வேறு ஏதோ புதுப் பாடம் என்றுதான் நினைக்கும்.

சுமையைக் குறைப்பதென்றால் எதைக் குறைக்க வேண்டும்? மூட்டை தூக்குகிறவனுடைய சும்மாட்டைப் பிடுங்கிக்கொண்டு, பாரத்தைக் குறைத்துவிட்டோம் என்பதா?

இடம் ஐந்தாம் வகுப்போ ஆறாம் வகுப்போதான். வகுத்தலும் மிச்சமும் பிள்ளைக்குத் தெரிந்த உடனே இதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். முதல் நாள் தாளை வெட்டட்டும். இரண்டாம் நாள் வெட்டியதையே கழித்தலாக எழுதட்டும். மூன்றாம் நாள், திரும்பத் திரும்பக் கழிப்பதற்குப் பதில் வகுக்கட்டும். பிறகு ஏணியைக் காட்டுங்கள். அப்போது ஏணியின் கடைசிப் படியில் நிற்கும் 7-ம் 5-ம் என்ன என்று பிள்ளையே சொல்லும்.

குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று சொல்லைப் பார்த்து விடை எழுதும் பழக்கத்தை அடியோடு நிறுத்த வேண்டும். அது கணக்கே இல்லை. பைலைப் படிக்காமல் மேலட்டையைப் பார்த்துக் குறிப்பு எழுதுகிற வேலை. முப்பத்தேழு வருட சர்வீஸில் அப்படிப்பட்ட குறிப்புகளால் ஜனங்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். அந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

அந்தப் பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மாலை வந்தவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. “எங்க ரூம் தரையை டேப் வெச்சு அளந்தேன் தாத்தா. 285-க்கு 240. பதினஞ்சு செ.மீ. கல்லுதான் வெட்டாம உட்காரும். 304 கல் ஆகுது. கட்டுப்படியாகாது, வெட்டித்தான் போடணும்” என்றாள். நான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். 285-ஐ 240-ஆல் வகுத்தால் மிச்சம் 45, பிறகு 15, பிறகு ஒன்றுமில்லை. பத்தொன்பது வரிசை, வரிசைக்குப் பதினாறு. சரியாகத்தான் இருந்தது.

‘எனக்குக் கணக்கு வராது’ என்ற பேச்சை இந்தப் பத்து நாளில் அவள் ஒரு முறைகூடச் சொல்லவில்லை. தேர்வில் தேறுவாளா என்பது எனக்குத் தெரியாது. போட்டி அதிகம், இடம் குறைவு. ஆனால் கணக்கு வராதவள் என்ற பட்டத்தை அவள் தலையிலிருந்து இறக்கியாயிற்று. அதை ஏற்றி வைத்தவர்கள் ஒருநாள் பதில் சொல்ல வேண்டும்.

இதைப் படிப்பவர்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். வீட்டில் பேரனோ பேத்தியோ இருப்பார்கள். விடுமுறையில் வந்தால் தொலைக்காட்சியை அரை மணி நேரம் அணைத்துவிட்டு, ஒரு பழைய காலண்டர் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். பெரிய சதுரமாக வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி கேட்டால் போதும். என்ன மிச்சம்?

வெட்டிய துண்டுகளைக் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும் என்று வீட்டில் திட்டு விழும். எனக்கும் விழுந்தது. வாங்கிக்கொள்ளுங்கள்.